எண்ணெய் விலையை ஏற்றுவது யார்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



எங்கோ ஒரு தேசத்தில் யுத்தம் மூளுகிறது. அந்த தேசம் பூகோளத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அங்கே வெடித்த குண்டின் சத்தம் நம் காதில் விழுவதற்கு முன்பே விலைவாசி நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. டீசல் ஏறுகிறது. லாரி வாடகை ஏறுகிறது. அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் ஏறுகின்றன. ஏறாமல் அப்படியே இருப்பது ஒன்றே ஒன்று: நம் கூலி.

ஏன் ஏறுகிறது என்று கேட்டால், “யுத்தம் வந்தால் சரக்குக் குறையும், சரக்குக் குறைந்தால் விலை ஏறும், இது மழை பெய்வதைப் போல இயற்கை” என்று பெரிய பத்திரிகைகள் பாடம் சொல்கின்றன. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. யுத்தத்தில் கிணறுகள் எரிகின்றன. கப்பல்கள் சுற்றி வருகின்றன. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறுகிறது. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் நாம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். பூமியிலிருந்து எண்ணெயை எடுக்க ஆகும் செலவு யுத்தத்தால் எவ்வளவு ஏறியது? ஏறிய விலை யார் பைக்குள் போயிற்று? யுத்தம் நின்ற பிறகு விலை ஏறிய வேகத்தில் இறங்கியதா? இந்த மூன்றுக்கும் சரித்திரம் என்ன பதில் சொல்லுகிறது என்று பார்ப்போம்.

நம் வீட்டு விளக்கில் தொடங்கிய சண்டை

மண்ணெண்ணெயிலிருந்து ஆரம்பிப்போம். மின்சாரம் வராத காலத்தில் ஏழையின் குடிசையில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அந்த விளக்குக்கு எண்ணெய் விற்பதில் 1927-ல் இந்தியச் சந்தையில் இரண்டு ராட்சதக் கம்பெனிகள் மோதிக்கொண்டன. ஒன்று நியூயார்க் ஸ்டாண்டர்டு ஆயில். மற்றொன்று ஷெல். ஸ்டாண்டர்டு கம்பெனி சோவியத் மண்ணெண்ணெயை வாங்கி இங்கே விற்றது. ஷெல் கம்பெனிக்குக் கோபம் வந்தது. விலையை வெட்டியது. அவர்களும் வெட்டினார்கள். இந்தியாவில் தொடங்கிய இந்த விலைச் சண்டை மற்றத் தேசங்களுக்கும் பரவியது.

முதலாளிகள் சண்டை போட்டால் வாங்குகிறவனுக்கு லாபம். அது எத்தனை நாள் நீடிக்கும்? 1928-ல் ஸ்காட்லாந்தில் அக்னக்காரி என்ற கோட்டையில் ஷெல், நியூஜெர்சி ஸ்டாண்டர்டு, ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனிகளின் தலைவர்கள் கூடினார்கள். “இனி நமக்குள் போட்டி வேண்டாம், அவரவர் பங்கு இன்று உள்ளபடியே இருக்கட்டும்” என்று ரகசிய உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் தயாரித்த அறிக்கை 1952-ல் வெளியானபோதுதான் இதன் முழு விவரம் உலகத்துக்குத் தெரிந்தது.

அவர்கள் விலை வைத்த விதத்தைக் கேளுங்கள். எண்ணெய் எங்கே எடுக்கப்பட்டாலும் சரி, அது அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாத் துறைமுகத்திலிருந்து வந்ததாகக் கணக்கு! அங்குள்ள விலை, அங்கிருந்து வரும் கப்பல் கூலி, இரண்டையும் சேர்த்து விலை. பக்கத்தில் ஈரானிலிருந்து பம்பாய்க்கு வந்த எண்ணெய்க்கும் அமெரிக்காவிலிருந்து வந்ததுபோல் கப்பல் கூலி. ஓடாத கப்பலுக்குக் கூலி! இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஈரானின் அபாதானில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் எண்ணெய் நிரப்பியபோதுகூட இந்தக் கணக்கில்தான் விலை கேட்டார்கள். சொந்த ராணுவத்திடமே ஓடாத கப்பலுக்குக் கூலி கேட்டவர்கள், குடிசை விளக்கை விடுவார்களா?

ஆகவே முதல் பாடம் இது: விலை கிணற்றில் பிறப்பதில்லை. கிணற்றுக்கும் விளக்குக்கும் நடுவே உள்ள பாதையை யார் பிடித்திருக்கிறார்களோ அவர்கள் கையில் பிறக்கிறது.

அபாதான் சொல்லும் கதை

அந்தப் பாதையைப் பிடித்து வைத்துக்கொள்ள யுத்தமும் அரசியலும் எப்படிப் பயன்படுகின்றன? ஈரான் நாட்டைப் பாருங்கள்.

1901-ல் ஈரான் மன்னர் வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற ஆங்கிலேயருக்கு நாட்டின் பெரும்பகுதியை 60 வருஷத்துக்குக் குத்தகை கொடுத்தார். லாபத்தில் நூற்றுக்கு 16 பங்கு ஈரானுக்கு. மீதி கம்பெனிக்கு. 1908-ல் எண்ணெய் பீறிட்டது. 1914-ல், முதல் உலக யுத்தம் தொடங்குகிற சமயத்தில், கடற்படைக்கு எண்ணெய் வேண்டும் என்று பிரிட்டிஷ் சர்க்காரே அந்தக் கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கை வாங்கிக்கொண்டது. அன்று முதல் கம்பெனியின் லாபமும் ராஜ்யத்தின் பீரங்கியும் ஒரே வீட்டில் குடியேறின. 1933-ல் குத்தகையை 1993 வரை நீட்டிக்கொண்டார்கள்.

அபாதானில் எழுந்தது உலகத்திலேயே பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. வெள்ளை அதிகாரிகளுக்குப் பங்களா, தோட்டம், கிளப்பு. ஈரானியத் தொழிலாளிக்குத் தகரத்தையும் அட்டையையும் வைத்துக் கட்டிய குடிசை. ‘காகித நகரம்’ என்றே அந்தச் சேரிக்குப் பெயர். நம் நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளைக் கம்பெனி அங்கே கொண்டுபோனது. 1920-களின் தொடக்கத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலரைக் கம்பெனி கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது.

1946 ஜூலையில் ஈரானியத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். வாராந்திர ஓய்வு நாளான வெள்ளிக்கிழமைக்குக் கூலி கொடு என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதையொட்டிய மோதல்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் பக்கத்திலுள்ள பஸ்ராவுக்குப் படையை அனுப்பியது. எங்கிருந்து? இந்தியாவிலிருந்து! நம் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிப்பாய் உடுப்புப் போட்டு, இன்னொரு நாட்டு ஏழைத் தொழிலாளியின் எதிரே நிறுத்தினார்கள்.

1951 மார்ச்சில் ஈரான் பார்லிமெண்டு எண்ணெயைத் தேசவுடமை ஆக்கியது. டாக்டர் முகமது மொசாதேக் பிரதமரானார். நஷ்டஈடு கொடுக்கவும் சட்டத்திலேயே வழி செய்திருந்தார்கள். இருந்தும் பிரிட்டன் என்ன செய்தது? போர்க்கப்பல்களை அனுப்பியது. ஈரான் எண்ணெயை யார் வாங்கினாலும் அது திருட்டுச் சொத்து என்று அறிவித்தது. 1952-ல் ‘ரோஸ் மேரி’ என்ற கப்பல் ஈரான் எண்ணெயை ஏற்றி வந்தபோது அதை ஏடனில் மடக்கிப் பிடித்தது. நாளொன்றுக்கு ஆறு லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்த நாட்டின் எண்ணெய் ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போயிற்று.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நிதானித்துக் கவனியுங்கள். உலகத்திலேயே பெரிய ஆலை நின்றுவிட்டது. பத்திரிகைகள் சொல்லும் ‘இயற்கை விதி’ சரியென்றால் விலை வானத்துக்குப் பறந்திருக்க வேண்டும். பறக்கவில்லை. ஏன்? குவைத்திலும் இராக்கிலும் சவூதி அரேபியாவிலும் குழாயைத் திறந்துவிட்டு உற்பத்தியைப் பெருக்கினார்கள். குவைத் கிணறுகளில் பாதி அதே பிரிட்டிஷ் கம்பெனியுடையது. ஒரு மில்லில் கதவடைப்புச் செய்துவிட்டு, அதே முதலாளி தன்னுடைய மற்ற மில்லில் ராத்திரி ஷிப்டு ஓட்டினால் என்ன ஆகும்? சந்தையில் நூல் குறையாது. முதலாளிக்கு நஷ்டமில்லை. பட்டினி கிடப்பது கதவடைத்த மில் தொழிலாளி மட்டும். ஈரான் மக்களுக்கு நேர்ந்தது அதுதான்.

பட்டினி போட்டும் பணியவில்லை. 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு ஸ்தாபனங்கள் சதி செய்து மொசாதேக் சர்க்காரைக் கவிழ்த்தன. இது நம் கற்பனை அல்ல. தன் பங்கை ஒப்புக்கொள்ளும் ஆவணங்கள் 2013-ல் அமெரிக்க உளவு ஸ்தாபனத்திடமிருந்தே வெளிவந்தன. 1954-ல் பங்கு பிரித்தார்கள். பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு நூற்றுக்கு 40. ஐந்து அமெரிக்கக் கம்பெனிகளுக்குத் தலைக்கு 8 வீதம் 40. ஷெல்லுக்கு 14. பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6. கூட்டிப் பாருங்கள், நூறு! கவிழ்த்தவனுக்குக் கூலி எண்ணெயாகக் கிடைத்தது.

மடையை அடைத்தவன் யார்?

1956-ல் எகிப்து சூயஸ் கால்வாயைத் தேசவுடமை ஆக்கியது. பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன. கால்வாய் அடைபட்டது. அரேபிய எண்ணெய் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதாயிற்று. ஐரோப்பாவுக்கு அமெரிக்கா எண்ணெய் அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் எண்ணெய் இல்லையா? தாராளமாக இருந்தது. டெக்சாஸ் மாகாணத்தில் விலை விழுந்துவிடக் கூடாது என்று மாதத்தில் பல நாட்கள் கிணறுகளை மூடியே வைத்திருந்தார்கள். திறந்துவிட்டால் போதும். ஆனால் 1957 ஜனவரியில் முதலில் நடந்தது என்ன? பீப்பாய்க்குச் சுமார் 35 சென்ட் விலையேற்றம்! எங்கோ நடந்த யுத்தத்துக்கு அமெரிக்கத் தொழிலாளியும் வரி கட்டினான்.

விவசாயத் தோழர்களே, இந்தத் தந்திரம் நமக்குப் பழக்கமானது. தலைமடைக்காரன் மடையை அடைத்துக்கொண்டு “ஆற்றில் தண்ணீர் இல்லை” என்பான். கடைமடைக்காரன் மேலே போய்ப் பார்த்தால் அங்கே தண்ணீர் கரை புரண்டு நிற்கும்.

ஈரானில் எண்ணெய் நின்றது, விலை பறக்கவில்லை. டெக்சாஸில் எண்ணெய் இருந்தது, விலை ஏறியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலையைத் தீர்மானிப்பது தட்டுப்பாடு மட்டுமல்ல, மடை யார் கையில் என்பதும்தான் என்று விளங்கும்.

நம் நாட்டில் நடந்தது

சுதந்திரம் வந்த பிறகும் நம் நாட்டு எண்ணெய் பர்மா-ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் என்ற மூன்று அன்னியக் கம்பெனிகள் கையில் இருந்தது. பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் அவர்கள் ஆலை கட்டினார்கள். 25 வருஷத்துக்குத் தேசவுடமை ஆக்கமாட்டோம் என்று சர்க்கார் எழுதிக் கொடுத்தது. கச்சா எண்ணெயை எங்கே வாங்குவது என்பதும் அவர்கள் இஷ்டம். தங்கள் கிணற்று எண்ணெயைத் தங்கள் ஆலைக்குத் தாங்களே விலை வைத்து விற்றுக்கொண்டார்கள்.

1960-ல் சோவியத் யூனியன் குறைந்த விலைக்குக் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. டாலர் வேண்டாம், ரூபாயே போதும் என்றது. எண்ணெய் மந்திரி கேசவ தேவ் மாளவியா, இதைச் சுத்திகரித்துக் கொடுங்கள் என்று மூன்று கம்பெனிகளையும் கேட்டார். முடியாது என்று கைவிரித்தார்கள். நம் மண்ணில் உள்ள ஆலை, நம் தொழிலாளி ஓட்டும் ஆலை, நமக்குச் சல்லிசாகக் கிடைக்கும் எண்ணெயைத் தொடமாட்டேன் என்றது! அதே வருஷம் கியூபாவிலும் அன்னியக் கம்பெனிகள் இதேபோல் மறுத்தன. அங்கே அந்த ஆலைகளை அரசே எடுத்துக்கொண்டது.

ஆனால் ஒன்று நடந்தது. வேறு இடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று தெரிந்த மாத்திரத்தில், இறங்காது என்று சாதித்த விலையில் கம்பெனிகளே தள்ளுபடி கொடுக்க ஆரம்பித்தன. கிணற்றுச் செலவு அன்று குறைந்ததா? இல்லை. குறைந்தது அவர்களுடைய ஏகபோகம்.

அரசாங்கத் துறையில் இந்தியன் ஆயில் 1959-ல் தொடங்கியது. குவாஹாத்தி, பரௌனி, கோயலி ஆலைகள் ருமேனியா, சோவியத் உதவியோடு எழுந்தன. நம் சென்னை மணலியில் 1969-ல் ஓடத் தொடங்கிய ஆலையில் இந்திய சர்க்காரோடு ஈரான் நாட்டுத் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் பங்குதாரர்கள். 1974 முதல் 1976-க்குள் எஸ்ஸோ, பர்மா-ஷெல், கால்டெக்ஸ் மூன்றும் தேசவுடமை ஆயின. இன்று நீங்கள் பார்க்கும் இந்துஸ்தான் பெட்ரோலியமும் பாரத் பெட்ரோலியமும் அப்படி மீட்ட சொத்திலிருந்து உருவானவைதான்.

பயமும் ஒரு சரக்கு

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் யுத்தம். அதுவரை பீப்பாய்க்கு 3 டாலர் என்று அறிவித்திருந்த விலை 1974 ஜனவரியில் 11.65 டாலர் ஆயிற்று. எண்ணெய் வள நாடுகள் தங்கள் பங்கைக் கேட்டது நியாயம். அவர்களை அத்தனை காலம் சுரண்டியிருந்தார்கள். ஆனால் பழி முழுவதையும் அரபுகள் மேல் போட்டுவிட்டு எக்ஸான் கம்பெனி அந்த வருஷம் சுமார் 240 கோடி டாலர் லாபம் காட்டியது. முந்தின வருஷத்தைவிட நூற்றுக்கு 59 கூடுதல். பழைய விலைக்கு வாங்கித் தொட்டியில் வைத்திருந்த எண்ணெயைப் புதிய விலைக்கு விற்றாலே போதுமே!

1983 முதல் நியூயார்க் சந்தையில் கச்சா எண்ணெயிலும் முன்பேர வியாபாரம் வந்துவிட்டது. பருத்தி முன்பேரத்தில் என்ன நடக்கும் என்று மில் தோழர்கள் அறிவார்கள். ஒரு பொதி பருத்தியைக் கண்ணால் பார்க்காதவன் ஆயிரம் பொதி வாங்கி விற்பான். எண்ணெயிலும் அப்படியே. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தது. அக்டோபருக்குள் விலை இரண்டு மடங்காகி 40 டாலரைத் தொட்டது. 1991 ஜனவரி 17-ல் அமெரிக்கா இராக்கின் மீது குண்டு போட ஆரம்பித்தது. அன்று விலை ஒரே நாளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது! யுத்தம் தொடங்கிய நாளில் விலை இறங்கியது என்றால், அதற்கு முன் ஏறியிருந்தது எண்ணெயா, பயமா? அந்தப் பயத்தின் பில் நமக்கும் வந்தது. இருந்த அன்னியச் செலாவணி நெருக்கடி இன்னும் முற்றி, 1991-ல் இந்திய சர்க்கார் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைக்கும் நிலைக்கு வந்தது.

2022 காட்டிய கணக்கு

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. கச்சா எண்ணெய் சில நாட்களில் 130 டாலரைத் தாண்டியது. இரண்டு பக்கத்திலும் ஏழை வீட்டு இளைஞர்கள் ஆயிரமாயிரமாய் மடிந்தார்கள். அந்த வருஷக் கணக்கைக் கம்பெனிகளே வெளியிட்டன. எக்ஸான்மோபில் 5,570 கோடி டாலர். ஷெல் 3,990 கோடி. செவ்ரான் 3,550 கோடி. மூன்றுக்கும் சரித்திரத்தில் அதுவரை இல்லாத லாபம். எக்ஸானின் லாபம் முந்தின வருஷம் 2,300 கோடிதான். ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்! இரண்டு மடங்கு எண்ணெய் எடுத்தார்களா? இல்லை. எடுத்த எண்ணெயும் எரிவாயுவும் இரண்டு வருஷமும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டு மடங்கு ஆட்களை வேலைக்கு வைத்தார்களா? அதுவும் இல்லை. மணிக்கு 60 லட்சம் டாலருக்கு மேல் சும்மா இருந்தபடியே வந்து விழுந்தது. நாம் கேட்ட முதல் இரண்டு கேள்விகளுக்கும் இதுவே பதில்.

மூன்றாவது கேள்வி: இறங்கும்போது இறங்குகிறதா? இதற்கு நம் நாட்டையே பார்ப்போம். 2020 ஏப்ரலில் நோய்த்தொற்றால் உலகம் முடங்கியபோது நாம் வாங்கும் கச்சா எண்ணெய் 20 டாலர் அளவுக்கு விழுந்தது. நமக்கு விலை குறைந்ததா? அந்த மார்ச்சிலும் மே மாதத்திலுமாக மத்திய சர்க்கார் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 13 ரூபாயும் டீசலுக்கு 16 ரூபாயும் கலால் வரியை ஏற்றி, இறங்கிய விலையைத் தானே எடுத்துக்கொண்டது. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் அதைக் குறைத்தார்கள். அதற்குள் ஊரடங்கில் வேலையிழந்த ஜனங்கள் எவ்வளவோ கட்டி முடித்திருந்தார்கள்.

உக்ரைன் யுத்தத்துக்குப் பிறகு ரஷ்ய எண்ணெய் தள்ளுபடி விலைக்குக் கிடைத்தது. மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குவது சரியே. 2022-ல் சில மாதங்கள் அரசாங்கக் கம்பெனிகள் நஷ்டத்துக்கு விற்றன என்பதும் உண்மை. ஆனால் அதன்பின் உலக விலை இறங்கியும், 2022 மே முதல் 2024 மார்ச் வரை பங்கில் விலை ஏறக்குறைய அசையவே இல்லை. 2023-24-ல் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சேர்ந்து ஈட்டிய லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய்.

தேசவுடமை வேண்டும் என்று போராடிய நாமே இதையும் சொல்ல வேண்டும். மடையை அன்னியனிடமிருந்து மீட்டால் மட்டும் போதாது. மீட்ட மடையை யாருக்காகத் திறக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால், மடைக்காவலன் உள்ளூர்க்காரன் என்பதில் நமக்கு என்ன ஆறுதல்?

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! விலை ஏறும்போது “யுத்தம்தான் காரணம்” என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். நாம் கேட்ட மூன்று கேள்விகளையும் அவரிடம் கேளுங்கள். டீக்கடையில் கேளுங்கள், மில் கேட்டில் கேளுங்கள், நடவு வயலில் கேளுங்கள்.

யுத்த காலத்தில் குவியும் கொள்ளை லாபத்தின் மீது தனி வரி போடு என்று கோருவோம். இது நடக்காத காரியமல்ல. 2022-ல் பிரிட்டனில் பழமைவாதக் கட்சி சர்க்காரே அப்படி ஒரு வரி போட்டது. இந்திய சர்க்காரும் அந்த ஜூலையில் போட்டு, 2024 டிசம்பரில் எடுத்துவிட்டது. உலக விலை இறங்கினால் பங்கிலும் இறங்க வேண்டும் என்று கோருவோம். அரசாங்க எண்ணெய்க் கம்பெனிகளைத் தனியாருக்கு விற்கக் கூடாது, அவற்றின் கணக்கு ஜனங்களுக்குத் தெரிய வேண்டும் என்று கோருவோம். விலைவாசி ஏறும் ஒவ்வொரு முறையும் பஞ்சப்படியும் விவசாயக் கூலியும் கூடவே ஏற வேண்டும் என்று கோருவோம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக யுத்தத்தை எதிர்ப்போம். யுத்தத்தில் ஏழைக்கு ஒரு பக்கம் மகன் போகிறான், மறுபக்கம் கூலி கரைகிறது. லாபக் கணக்கு எழுதுகிறவன் வேறொருவன். சமாதானம் என்பது நம் அடுப்புக்கும் விளக்குக்கும் கூலிக்கும் சேர்த்து நாம் கேட்கும் கோரிக்கை.

அபாதான் தொழிலாளி வெள்ளிக்கிழமைக் கூலி கேட்டபோது அவனுக்கு எதிராக இங்கிருந்து சிப்பாய்களை அனுப்பினார்கள். இனி எந்த நாட்டுத் தொழிலாளிக்கு எதிராகவும் நம்மை நிறுத்த விடமாட்டோம். அவன் கிணற்றில் நிற்கிறான், நாம் விளக்கடியில் நிற்கிறோம். நடுவில் நின்று இருவரையும் கொள்ளையடிப்பவன் ஒருவனே என்பதை இரண்டு பேரும் அறிந்துகொள்வோம். ஒன்றுபடுவோம்!